துவாலையில் ஒட்டிய முகம்

லாபு சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பியதும் கார் குலுங்க ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் எண்ணெய்ச் செம்பனை. மத்தியான வெயிலிலும் மரங்களுக்கு அடியில் இருட்டு அப்பிக் கிடந்தது. பஞ்சாலை துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் கண்ணை மூடியிருந்தாள். தூக்கம் வரவில்லை. தூங்கக்கூடத் தெம்பில்லாத அசதி அது.

தங்கை தனலெட்சுமியின் உடலைச் சிரம்பானில் எரித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கருமாதி வரைக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மைத்துனன் சுகுமாறன் கேட்டிருந்தான். பஞ்சாலைக்கு வேறு யாருமில்லை. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். செனாவாங்கில் ஒரு டோபிக் கடையில் துணி வெளுக்கும் வேலை. கல்யாண மண்டபங்களிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் துணிகளில் கறை எடுப்பது அவள் பொறுப்பு. முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டாள்.

தோட்டத் தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மீதியில் இந்தோனேசியாக்காரர்களும் வங்காளதேசிகளும். தமிழ்க் குடும்பம் என்று சொல்ல இந்த வீடும், பக்கத்தில் விமலா வீடும்தான்.

"வாங்கக்கா," என்றான் சுகுமாறன். முகத்தில் சவரம் செய்யாத நரை. "நாளைக்குக் காலையில நான் லோரி எடுக்கணும். பழம் வெட்டிப் போட்டு அப்படியே கெடக்குதுன்னு வேலை வாங்குற மண்டோர் போன் பண்ணிட்டாரு."

"நீ போ தம்பி. நான் பார்த்துக்கிறேன். லிஷா எங்க?"

அவன் கையைக் காட்டினான். ஐந்து வயது லிஷாந்தினி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செம்மண் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவைக் கண்டதும் எழுந்து வரவில்லை.

"அம்மா வண்டி வரலையா பெரியம்மா?"

தனலெட்சுமிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வருஷக்கணக்காகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தின் வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். அந்த வண்டியைத்தான் பிள்ளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

"அவகிட்ட சொன்னியா தம்பி?"

"எத்தனை வாட்டி சொல்றது லா அக்கா? பொட்டியில இருந்தது அம்மா இல்லைன்னு சொல்லுது. அது யாரோ ஆண்ட்டியாம்." அவன் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான். "சோறும் திங்க மாட்டேங்குது."

பஞ்சாலைக்குப் புரிந்தது. பெட்டிக்குள் இருந்தவளைப் பார்த்து அவளே ஒரு கணம் தடுமாறித்தான் போனாள். சடலத்தைத் தயார் செய்தவர்கள் போட்டோ கேட்டபோது சுகுமாறன் கல்யாணப் படத்தைக் கொடுத்துவிட்டான். நல்ல எண்ணத்தில்தான். நோயில் கருத்துச் சுருங்கிப் போயிருந்த முகத்தின் மேல் அவர்கள் அந்தப் பழைய மணப்பெண்ணை வரைந்துவிட்டார்கள். சந்தன நிறத்தில் கனமான பூச்சு. கண்ணைச் சுற்றி மை. உதட்டில் மெரூன் சாயம். தூக்கிக் காட்டியபோது லிஷாந்தினி குனிந்து பார்த்துவிட்டு, "இந்த ஆண்ட்டி யாரு?" என்று கேட்டாள். சுற்றியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பஞ்சாலை தங்கையின் மேல் விழுந்து கட்டிக்கொண்டபோது அந்தப் பூச்சு அவளுடைய வெள்ளை ரவிக்கையின் தோளில் அப்பிக்கொண்டது.

அந்த ரவிக்கையை அவள் செனாவாங்கில் தன் வீட்டிலேயே அலசிவிட்டாள். முகப்பூச்சு எண்ணெய்ப் பிசுக்குள்ளது. சுடுதண்ணீர் பட்டால் நூலுக்குள் இறங்கிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பைச் சொட்டு விட்டு விரலால் அழுத்தி ஊறவைத்து, பின்பக்கமிருந்து பச்சைத் தண்ணீரை விட்டால் தானாகக் கழன்று வரும். வந்துவிட்டது. அவள் அதை மறந்தும் போனாள்.

மறுநாள் காலை சுகுமாறன் லோரிக்குக் கிளம்பிய பிறகு பஞ்சாலை பின்கட்டுக்குப் போனாள். கொடியில் தொங்கிய துண்டை முகம் துடைக்க எடுத்தாள். கையில் பிசுபிசுத்தது. விரித்துப் பார்த்தாள்.

துண்டின் நடுவில் சந்தன நிறத்தில் ஒரு இழுவை. அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு தீற்றல்.

வந்த கூட்டத்தில் யாரோ முகம் துடைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் அந்தத் துண்டை அலசிப் போட்டதே அவள்தான். பிள்ளை விளையாடியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். யோசிக்கிற தெம்பும் அவளுக்கு இல்லை. சோப்பு விட்டு, அழுத்தி, ஊறவைத்து, அலசி, வெயிலில் போட்டாள்.

அடுத்த கறை முன்னறைத் திரையில் இருந்தது.

சன்னலோரம் நிற்கிற ஒரு பெண்ணின் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில். துணியைக் கையில் பிடித்து இழுத்து முகத்தில் தேய்த்துக்கொண்டது போல ஒரு கசங்கல். கசங்கலுக்குள் பூச்சு, பூச்சுக்கு நடுவில் மெரூன் சாயம் இழுபட்டுக் கன்னம் வரை போயிருந்தது.

பஞ்சாலை திரையைக் கழற்றினாள். உதட்டுச் சாயத்துக்குத் தண்ணீர் ஆகாது. கறைப் பக்கத்தைப் பழைய துணி மேல் கவிழ்த்துப் போட்டு, ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துப் பின்பக்கமிருந்து ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். குந்தி உட்கார்ந்து ஒற்றினாள். முதுகு விட்டுப்போயிற்று. சாயம் கீழ்த்துணிக்கு இறங்கியபோது ஒரு வாடை கிளம்பியது. பவுடரின் இனிப்பு. அதற்கடியில் மருந்து வாடை. பெட்டியைத் திறந்தபோது மூக்கில் ஏறிய அதே வாடை.

அவள் கை நின்றுவிட்டது.

வெளியே பழம் ஏற்றிய லோரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. வெயில் பளீரென்று அடித்தது. பட்டப்பகலில் இதற்கெல்லாம் பயப்படுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஒற்ற ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு தினம் ஒரு துணி. நாற்காலி உறை. மேசை விரிப்பு. சாமி மேடைக்கு முன்னால் தொங்கிய மஞ்சள் துணி. ஒவ்வொன்றையும் கழற்றுவாள், ஒற்றுவாள், அலசுவாள், காயப்போடுவாள். டோபிக் கடையில் மூட்டை மூட்டையாகப் பார்த்தபோதுகூட இப்படிக் களைத்ததில்லை. கறை போகிறது, அது ஒன்றும் கஷ்டமில்லை. போன கறை வேறொரு துணியில் வந்து நிற்கிறது.

கறைகள் ஒரு திசையில் நகர்வதை அவள் கவனித்தாள். பின்கட்டிலிருந்து முன்னறை. முன்னறையிலிருந்து உள்ளே. ஒரு மத்தியானம் லிஷாந்தினியின் தலையணையில், அவள் தலை வைக்கும் குழிக்குப் பக்கத்திலேயே, இன்னொரு குழியும் அதில் சந்தனப் பூச்சும் இருந்தன.

தலையணையைத் தூக்கிக்கொண்டு விமலா வீட்டுக்கு ஓடினாள். விமலா அதைத் தொடவில்லை. எட்ட நின்றே பார்த்தாள்.

"அந்த வீட்டுல இப்ப யாரு இதெல்லாம் பூசுறா, சொல்லுங்க," என்றாள் மெதுவாக. "ரந்தாவுல ஒரு பூசாரி இருக்காரு. சுகுமாறன்கிட்டயும் சொல்லியிருக்கேன். வந்தா கட்டிப் போட்டுட்டுப் போய்டுவாரு. அப்புறம் இந்தப் பக்கம் வராது."

"வராதுன்னா?"

"வராது லா அக்கா. எதுவா இருந்தாலும்."

"எதுவா இருந்தாலும் இல்ல விமலா, அது என் தங்கச்சி. உசிரோட இருந்தப்ப நாலு வருசம் ஊசியும் டியூபுமா மெஷின்ல கட்டிப் போட்டிருந்தாங்க. செத்தும் கட்டணுமா?"

தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். அது தனம்தான் என்பதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

அன்று சாயங்காலம் லிஷாந்தினிக்கு உடம்பு கொதித்தது. வேலை முடிந்து வந்த சுகுமாறன் அவளை நீலாயிலுள்ள கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். மருந்து கொடுத்தார்கள், பிள்ளை உள்ளே இறக்கிய மருந்தையும் வெளியே தள்ளியது. மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது அவன் சொன்னான்: "பூசாரியை வரச் சொல்லிட்டேன்க்கா. நாளைக்கு வர்றாரு. தடுக்காதீங்க. எனக்கு மிச்சமிருக்கிறது இவ ஒருத்திதான்."

அவள் தடுக்கவில்லை. அவன் லோரிச் சத்தம் தூரத்தில் தேய்ந்தது.

பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டப் பார்த்தாள். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு லிஷாந்தினி முகத்தைத் திருப்பினாள்.

"எனக்கு இந்த ரூம் வேணாம் பெரியம்மா."

"ஏம்மா?"

"அந்த ஆண்ட்டி வர்றாங்க."

பஞ்சாலை கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "எந்த ஆண்ட்டி?"

"பொட்டியில படுத்திருந்தாங்களே. அவங்க. என் பக்கத்துல வந்து உட்கார்றாங்க. நான் கண்ண மூடிக்குவேன்." பிள்ளை குரலைத் தாழ்த்தியது. "அவங்க மூஞ்சிய துடைச்சுக்கிட்டே இருக்காங்க. துடைச்சுட்டு என்னைப் பார்ப்பாங்க. அப்புறம் திரும்பத் துடைப்பாங்க."

பஞ்சாலை பிள்ளையைக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"போகவே மாட்டேங்குது பெரியம்மா. எல்லா பக்கமும் இழுவுது."

இத்தனை நாளாகப் பஞ்சாலை பயந்துகொண்டே அலசியது எதை என்று அப்போதுதான் விளங்கியது. வீட்டிலிருந்த ஒவ்வொரு துணியையும் எடுத்து, அந்தப் பாவி, தன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பெற்ற பிள்ளை தன்னைப் பார்த்து "யாரு?" என்று கேட்டுவிட்டது. எந்த முகத்தைக் கண்டால் அது "அம்மா" என்று ஓடிவருமோ, அந்த முகம் பூச்சுக்கு அடியில் கிடக்கிறது. தண்ணீரில்லாமல், எண்ணெயில்லாமல், காய்ந்த துணியால் தேய்க்கத் தேய்க்கப் பூச்சு பரவுகிறதே தவிரப் போகவில்லை.

நாளைக்குப் பூசாரி வந்துவிடுவார்.

மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தது. செம்பனை மட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. சட்டென்று மின்சாரம் நின்றது. விசிறி மெல்ல மெல்லச் சுழன்று ஓய்ந்தது. அப்புறம் மழை. தகரக் கூரையில் விழுந்த மழையில் வேறெந்தச் சத்தமும் கேட்கவில்லை.

பிள்ளை காய்ச்சல் மயக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சாலை பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் எடுத்துவந்து அறையின் தரையில் வைத்தாள். தேங்காய் எண்ணெய்ப் போத்தல். சோப்பு. அலமாரியிலிருந்த வெள்ளைத் துவாலைகள் எல்லாம். ஒரு குட்டி முக்காலியை எதிரே போட்டாள். அதற்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

என்ன செய்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"தனம்," என்றாள்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"வாடி. வந்து உட்காரு. வெறும் துணியில தேய்க்காத, அது போகாது. நான் துடைச்சு விடுறேன்."

எதுவும் அசையவில்லை. துவாலையில் எண்ணெயை ஊற்றினாள். இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்து, முக்காலிக்கு மேலே, ஒரு முகம் இருக்க வேண்டிய இடத்தில் நீட்டினாள். கை வலித்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் அந்த வாடை வந்தது.

பிறகு முக்காலி கிறீச்சிட்டது.

துவாலையில் ஏதோ வந்து அமர்ந்தது. கனமாக. குளிர்ச்சியாக. அசதியில் ஒருவர் இன்னொருவரின் கையில் தலையைச் சாய்த்துவிடுவது போல.

கண்ணைத் திறக்க அவளுக்குத் துணிவில்லை. ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது. நோயில் கிடந்த தங்கைக்கு எத்தனையோ தடவை முகம் துடைத்துவிட்ட கை அது. துவாலைக்கு அடியில் மூக்குத்தண்டு. குழிந்த கன்னம். இடது புருவத்துக்கு மேலே சின்ன வயதில் விழுந்து எழுந்த தழும்பு.

"கண்ண மூடிக்க. எண்ணெ எரியும்."

துவாலைக்குள் இமைகள் மூடிக்கொண்டதை அவள் விரல் உணர்ந்தது.

அழுத்தாமல், தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தாள். மை கழன்றது. இன்னொரு துவாலை. உதட்டுச் சாயம். இன்னொன்று. சந்தனப் பூச்சு அடுக்கடுக்காக வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை துணியோடு பஞ்சுச் சுருள் ஒன்று இழுபட்டு வந்தது. மூக்கில் வைத்து அடைத்த பஞ்சு. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பக்கத்தில் போட்டுவிட்டு அடுத்த துவாலையை நனைத்தாள். எண்ணெய்க்குப் பிறகு சோப்பு. சோப்புக்குப் பிறகு பச்சைத் தண்ணீர். அவளுக்குத் தெரிந்த வேலை. அந்த வேலையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அங்கே உட்கார்ந்திருக்க முடிந்தது.

கடைசித் துவாலை வெள்ளையாகவே இருந்தது.

"போயிருச்சு தனம்," என்று கிசுகிசுத்தாள். "எல்லாம் போயிருச்சு."

அவள் உள்ளங்கைக்குள், ஈரத் துணிக்கு அடியில், உதடுகள் அசைந்தன.

கட்டிலில் அசைவு கேட்டது.

பஞ்சாலை கண்ணைத் திறந்தாள். தன் கையில் இருந்ததைப் பார்க்காமல் கட்டிலைத்தான் பார்த்தாள். லிஷாந்தினி எழுந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் சிவந்த கண்கள் முக்காலியின் மேல் நிலைகுத்தி நின்றன. அந்த முகத்தில் பயமில்லை.

"அம்மா," என்றது பிள்ளை.

அவள் கையிலிருந்த பாரம் விலகியது. துவாலை தொளதொளவென்று மடியில் விழுந்தது. எண்ணெயும் தண்ணீருமாகச் சொட்டிக்கொண்டு எதுவோ அவள் தோளுக்குப் பக்கமாகக் கடந்து போனது. தரையில் ஈரச் சுவடு. ஒரு பாதம். இன்னொரு பாதம். கட்டிலை நோக்கி.

பிள்ளை இரண்டு கையையும் நீட்டியது.

பஞ்சாலைக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. இதுவரைக்கும் வந்ததெல்லாம் பயமே இல்லை. பாய்ந்து எழுந்து கட்டிலுக்கும் அந்தச் சுவடுக்கும் நடுவில் விழுந்து, பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டாள்.

"பார்த்துட்டல்ல? உன் புள்ளையும் உன்னைப் பார்த்துடுச்சு. போதும்டி தனம். இவளைக் கூப்பிடாத. இவளை எனக்கு விட்டுடு. உன் காலைப் பிடிச்சுக் கேட்குறேன்."

மழை இரைந்தது. முதுகுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், குளிர்ந்த மூச்சு. அது வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு பிள்ளையின் தலைமயிர் காற்றே இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியது. யாரோ நெற்றியிலிருந்து கோதிவிட்டது போல.

விசிறி சுழல ஆரம்பித்தது. மின்சாரம் வந்துவிட்டது.

லிஷாந்தினி பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: "அம்மா செத்துப் போய்ட்டாங்களா பெரியம்மா?"

"ஆமாம்மா."

"அந்தப் பொட்டியில அம்மாதான் இருந்தாங்களா?"

"ஆமாம்மா."

அப்போதுதான் பிள்ளை அழுதது. செத்த வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை, மூச்சு முட்ட முட்ட அழுது, வேர்த்துக் காய்ச்சல் விட்டு, பெரியம்மாவின் மடியிலேயே உறங்கிப்போனது.

சாயங்காலம் சுகுமாறன் வந்தபோது தரையெல்லாம் கறை படிந்த துவாலைகள் கிடந்தன. பஞ்சாலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் ஒரு துவாலையை எடுத்து விரித்துப் பார்த்தான். தன் மனைவியின் உதட்டு அச்சை அதில் கண்டவன், அப்படியே தரையில் உட்கார்ந்து துணியை முகத்தில் பொத்திக்கொண்டான்.

"பூசாரிய வேணாம்னு சொல்லிடு தம்பி," என்றாள் அவள். "அவருக்கு இனிமே இங்க வேலையில்ல."

அதன் பிறகு அந்த வீட்டில் எந்தத் துணியிலும் கறை விழவில்லை. துவாலைகள் ஒரே அலசலில் வெளுத்துவிட்டன. கருமாதி நல்லபடியாக நடந்தது. சுகுமாறன் கல்யாணப் படத்தை எடுத்துவிட்டு, நோயில் இருந்தபோது அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாட்டினான். கருத்து ஒடுங்கிய முகம். லிஷாந்தினி நாற்காலியில் ஏறி அதற்குப் பூப்போட்டாள்.

லோரி வேலையும் பிள்ளையுமாக அவனால் முடியவில்லை. பஞ்சாலை பிள்ளையைத் தன்னோடு செனாவாங் அடுக்குமாடிக்குக் கூட்டிவந்துவிட்டாள். அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போவான். சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ்ப் பாலர் பள்ளியில் சேர்த்தார்கள். பிள்ளைகள் நடந்து கடக்க முடியாத சாலை, அதனால் பள்ளி வண்டி ஏற்பாடு. லிஷாந்தினி சாப்பிட்டாள், பாடினாள், மற்றப் பிள்ளைகளோடு சண்டை போட்டாள். பஞ்சாலை மறுபடியும் டோபிக் கடையில் நாள் முழுக்க நின்றாள். கால் வீங்கியது. என்றாலும் படுத்ததும் தூக்கம் வந்தது. அதுவே அவளுக்குப் பெரிய நிம்மதி.

ஒரு காலை, வழக்கம்போல் லிஷாந்தினியை மாடிக்குக் கீழே மற்றப் பிள்ளைகளோடு வண்டிக்காக நிறுத்திவிட்டு, அவள் பஸ் பிடித்து வேலைக்குப் போனாள். இஸ்திரிப் பெட்டி சூடாவதற்குள் போன் அடித்தது. பள்ளி வண்டி ஓட்டும் சன்னாசி.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. நடுவழியில டயர் வெடிச்சிருச்சு. மத்த புள்ளைங்கள அவங்கவங்க வீட்டுல வந்து கூட்டிட்டுப் போய்ட்டாங்களாம். உங்க புள்ளைதான் தனியா நின்னுச்சுன்னு சொல்றாங்க. இப்ப ஆளக் காணோமாம்."

போட்டது போட்டபடி ஓடினாள். மாடிக்குக் கீழே யாருமில்லை. எதிரே அந்தச் சாலை. ஷிப்டு மாறும் நேரம். தொழிற்சாலை பஸ்களும் கொள்கலன் லோரிகளும் மோட்டார்களும் இடைவெளி விடாமல் சீறிக்கொண்டிருந்தன. பெரிய மனிதர்களே தாண்டத் தயங்குகிற சாலை. எப்படித் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. மூச்சிரைக்கப் பள்ளிக் கதவைத் தள்ளினாள்.

லிஷாந்தினி வண்ணப் பென்சிலோடு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

பஞ்சாலை கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அண்மையில்தான் அந்தப் பள்ளிக்கு வேலைக்கு வந்திருந்த புனிதா டீச்சர் எழுந்து வந்தார்.

"ஏன்க்கா இப்படிப் பதறி வர்றீங்க? உட்காருங்க முதல்ல."

"புள்ளைய... புள்ளைய யாரு டீச்சர் கூட்டிட்டு வந்தா?"

"அவங்க அம்மாதான். கையப் பிடிச்சு ரோட்டைத் தாண்டிக் கூட்டிட்டு வந்தாங்க, நான் வாசல்ல நின்னு பார்த்தேனே." டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டார். "உடம்பு சரியில்லையாக்கா அவங்களுக்கு? ரொம்பக் களைச்சுப் போயிருந்தாங்க. நிக்கவே முடியல. தண்ணி இருக்குமான்னு கேட்டாங்க. ஒரு கிளாஸ் குடுத்தேன். ஒரே மூச்சுல குடிச்சுட்டு இன்னொன்னு கேட்டாங்க. அப்புறம் இன்னொன்னு. பாவமா இருந்துச்சு."

டீச்சரின் மேசையில் கண்ணாடிக் கூஜா காலியாக இருந்தது. பக்கத்தில் குவளை, அதன் அடியில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை.

பஞ்சாலை பக்கத்திலிருந்த குட்டி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். சாகும்வரை தனத்துக்குத் தண்ணீர் அளவுதான். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாளைக்கு ஒரு சின்ன போத்தல். "அக்கா, ஒரே ஒரு வாய்," என்று தங்கை கேட்டபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனவள் அவள்தான்.

லிஷாந்தினி படம் வரைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"பெரியம்மா, நீங்க பயப்படாதீங்க. அம்மா இனிமே தினமும் கூட்டிட்டு வருவாங்களாம்."

"அம்மா இப்ப எங்கம்மா?"

"உள்ள இருக்காங்க." பிள்ளை பென்சிலால் கழிப்பறைப் பக்கம் காட்டியது. "அம்மாவுக்கு இன்னும் தாகம் அடங்கலையாம்."

டீச்சர் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

உள்ளே குழாய் திறந்துகொண்டது. தண்ணீர் பாயும் ஓசை கேட்டது. அது கீழே தொட்டியில் விழும் ஓசை மட்டும் கேட்கவில்லை.